தோட்டாவை எண்ணத் தெரிந்தால்தான் அது கேம் படம்

கேள்வி இதுதான். ஆன்லைனில் நேரலையாக ஒரு கொலைப் போட்டி நடக்கிறது. அதில் ஒரு அப்பாவி மாட்டிக்கொள்கிறான். வீடியோ கேம் மாதிரி திரையெங்கும் எண்கள் ஓடுகின்றன, கூடவே சிரிப்பும் இருக்கிறது. இந்த வகை ஆக்‌ஷன் காமெடிகள் முதல் அரை மணி நேரம் பிரமாதமாகப் போய்விட்டு அப்புறம் ஏன் சலிக்கின்றன? இதே பாணியில் 20 நிமிடக் குறும்படம் எடுக்கப் போகிற ஒரு சின்னக் குழு எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

என் பதில் ஒரே சொல்லில் அடங்கும்: கணக்கு. கேம் ஆடுகிறவனுக்கு எது எவ்வளவு மிச்சம் என்று எந்த நொடியிலும் தெரியும். உயிர் இத்தனை, தோட்டா இத்தனை, நேரம் இவ்வளவு. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. எத்தனை ஆடு வெட்டுப்பட்டது என்பது சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் தெரிவதால்தான் அவர்களும் நகராமல் நிற்கிறார்கள். படத்திலும் அந்தக் கணக்கு பார்க்கிறவர் மனசில் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் பதற்றமும் சிரிப்பும். கணக்கு விட்டுப்போனால் மிஞ்சுவது வழக்கமான சுடும் காட்சிதான். நியான் வெளிச்சம் எவ்வளவு போட்டாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

எடுத்துக்காட்டுக்கு ‘கன்ஸ் அகிம்போ’வை வைத்துக்கொள்வோம். இந்த வகையை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் படம் வேறில்லை. நியூசிலாந்தின் ஜேசன் லீ ஹௌடன் இயக்கியது. அதற்கு முன் விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலையில் இருந்தவர். 2019 செப்டம்பரில் டொரண்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, 2020 பிப்ரவரிக் கடைசியில் தியேட்டருக்கு வந்தது. படப்பிடிப்பு ஆக்லாந்திலும் மியூனிக்கிலும் நடந்தது. டேனியல் ராட்க்ளிஃப் நடித்த மைல்ஸ் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் புரோகிராமர். ராத்திரியில் இணையத்தில் வம்பு பேசுகிறவர்களிடமே வம்பு வளர்ப்பது அவன் பொழுதுபோக்கு. ‘ஸ்கிஸம்’ என்கிற கொலைப் போட்டி நேரலையின் சாட்டில் போய் அங்கே இருப்பவர்களைத் திட்டித் தீர்க்கிறான். போட்டியை நடத்தும் ரிக்டர் ஆட்களோடு வீட்டுக்கே வந்து அடித்துப் போடுகிறான். கண் விழித்துப் பார்த்தால் இரண்டு கையிலும் துப்பாக்கி போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் 50 தோட்டா. 24 மணி நேரத்துக்குள் போட்டியின் முதலிட ஆட்டக்காரியான நிக்ஸைக் கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவன் காலி.

இந்த அமைப்பில் மூன்று எண்கள்தான்: 50, 50, 24. ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம், யாருக்கும் மறக்காது. விதி இவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும். ஒன்லைன், அதாவது கதையின் ஒருவரிச் சுருக்கம், எழுதும்போதே விதியை யாராவது ஒருவருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள். கேட்டவர் அரை மணி நேரம் கழித்து அதைத் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னால் விதி சரி. “அப்புறம் இன்னொரு ரூல் என்னன்னா…” என்று நீங்கள் ஆரம்பித்தால் அந்த ரூலை வெட்டிவிடுங்கள்.

அடுத்தது எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். கையில் துப்பாக்கியை ஒட்டியது சண்டைக்காக இல்லை, சிரிப்புக்காக. கை இல்லாமல் ஒரு மனிதன் எதையெல்லாம் செய்ய முடியாது என்று ஒரு பட்டியல் போட்டால், அந்தப் பட்டியல்தான் படத்தின் முதல் பாதி. கதவைத் திறக்க முடியாது. போனைத் தொட்டு நம்பர் போட முடியாது. கால்சட்டை மாட்ட முடியாது. அதனால்தான் நாயகன் டிரஸ்ஸிங் கவுனும் உள்ளாடையும், மிருகப் பாதம் மாதிரி வீட்டுச் செருப்புமாகத் தெருவில் ஓடுகிறான். அந்தக் கோலத்துக்குக் கதையில் காரணம் இருக்கிறது. போலீஸ்காரர் “துப்பாக்கியைக் கீழே போடு” என்கிறார். போட முடியாது. கையைத் தூக்கினாலும் துப்பாக்கி தூக்கின மாதிரி, இறக்கினாலும் குறி பார்க்கிற மாதிரி. சரணடைய விரும்புகிறவனுக்குச் சரணடையும் வழியே இல்லை. அந்த ஒரு காட்சியில் சிரிப்பும் உயிர்பயமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இந்த வகைப் படத்தில் தேட வேண்டியது அதைத்தான். காமெடிக்கு ஒரு நண்பன், ஆக்‌ஷனுக்கு ஒரு வில்லன் என்று பங்கு பிரித்தால் இரண்டும் தனித்தனியாக நிற்கும், ஒட்டாது.

நீங்கள் துப்பாக்கியே வைக்க வேண்டியதில்லை. ஒரு தடை போதும், ஆனால் அது உடம்பில் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததிலிருந்து அந்த உறுப்பால் செய்கிற 40 வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் பார்க்கிறவர் இன்று காலையில் தானே செய்திருக்கக்கூடிய 5 வேலைகளை எடுங்கள். மீதியை விட்டுவிடுங்கள். அந்த ஐந்தையும் அவமானத்தில் தொடங்கி ஆபத்தில் முடிகிற வரிசையில் அடுக்குங்கள். முதலில் பல் தேய்க்க முடியவில்லை, கடைசியில் பெற்ற அம்மாவின் போனை எடுக்க முடியவில்லை.

அரை மணி நேரத்துக்குப் பிறகு சலிப்பு ஏன் என்பதற்கும் விடை இங்கேதான். நாயகன் சுடக் கற்றுக்கொண்டதும் தடை பலமாக மாறிவிடுகிறது. ‘கன்ஸ் அகிம்போ’வின் இரண்டாம் பாதியில் துப்பாக்கிச் சண்டைகள் கூடக் கூட, கதவு திறக்கத் தெரியாத அந்தப் பாவப்பட்டவன் மெல்ல மறைந்து, வழக்கமான ஹீரோ வந்து நிற்கிறான். சமாரா வீவிங்கின் நிக்ஸ் கொடுக்கும் வேகம் படத்தைத் தாங்குகிறது, ஆனால் முதல் பாதியில் வந்த மாதிரியான சிரிப்பு திரும்ப வரவில்லை. சரிசெய்ய ஒரே வழி: தடை கிளைமாக்ஸ் வரை தடையாகவே இருக்க வேண்டும். கடைசிக் காட்சியில் அவனைத் தோற்கடிக்கப் பார்ப்பதும் கதவுப்பிடிதான், அவனைக் காப்பாற்றுவதும் கதவுப்பிடியைத் திறக்க அவன் முன்னாலேயே கண்டுபிடித்து வைத்த கோணல் வழிதான் என்று அமைந்தால், முதல் ஐந்து நிமிடத்துச் சிரிப்பு கடைசி ஐந்து நிமிடத்துக்கு முதலீடு ஆகிவிடும்.

தோட்டாக் கணக்குக்கு வருவோம். 100 தோட்டா, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் படம். நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். தானியங்கி வேகத்தில் நொடிக்கு 10 வீதம் சுட்டால் ஒரு துப்பாக்கி 5 நொடியில் காலி. அதாவது எழுத்தாளர் கொஞ்சம் அசந்தாலும் கணக்கு தீர்ந்துவிடும். 20 நிமிடப் படத்துக்கு 12 தோட்டாவுக்கு மேல் வேண்டாம். ஆறு இன்னும் நல்லது.

மளிகைக்கடை நோட்டு மாதிரி ஒரு கணக்குத் தாள் போடுங்கள். காட்சி எண், காட்சி தொடங்கும்போது இருப்பு, செலவு, முடியும்போது இருப்பு. நான்கு கட்டம், அவ்வளவுதான். படப்பிடிப்பு வரிசையாக நடக்காது. 9ஆம் காட்சியை முதல் நாளே எடுப்பீர்கள், அன்றைக்கு நடிகர் “இப்ப என்கிட்ட எத்தனை இருக்கு?” என்று கேட்டால் உதவி இயக்குநர் தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு தோட்டா மிச்சமிருப்பவன் நிற்கிற நிற்பும் பத்து மிச்சமிருப்பவன் நிற்கிற நிற்பும் வேறு வேறு. தாள் எழுதியும் தப்பு நடக்கிற இடம் எடிட்டிங். காட்சி சூடாக இல்லை என்று எடிட்டரோ சவுண்ட் டிசைனரோ கூடுதலாக இரண்டு வெடிச் சத்தம் சேர்த்துவிடுவார்கள். திரையில் எண் 4 குறைகிறது, காதில் 6 கேட்கிறது. பார்க்கிறவர் உட்கார்ந்து எண்ணிக் கண்டுபிடிக்க மாட்டார், ஆனால் நம்பிக்கை போய்விடும், ஏன் போனது என்று அவருக்கே தெரியாது. அதனால் கணக்குத் தாளின் ஒரு பிரதி சவுண்ட் டிசைனர் மேசையிலும் இருக்கட்டும்.

விதியை எப்படிச் சொல்வது? மோசமான வழி, முகமூடி போட்ட ஒருவர் இருட்டில் நின்று இரண்டு நிமிடம் பேசுவது. 2000இல் கின்ஜி ஃபுகாசாகு எடுத்த ‘பேட்டில் ராயல்’ படத்தில், ஒரு வகுப்பு மாணவர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும் என்ற விதியை, குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துகிற உற்சாகத்தோடு ஒரு இளம்பெண் பயிற்சி வீடியோவில் சொல்லிக்கொடுப்பார். பேச்சின் தொனியும் விஷயமும் எதிரெதிராக இருப்பதால் ஒரு வார்த்தையும் மறக்காது. அதே படத்தில் ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் இறந்தவர் பெயரும் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்பதும் எழுத்தாக வரும். கேம் அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்துதான். அது செய்கிற வேலையை எத்தனையோ படங்களின் பளபள கிராஃபிக்ஸ் செய்யவில்லை. தமிழில் அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019) இன்னும் அடக்கமாக இதைச் செய்தது. நாயகி கேம் வடிவமைப்பாளர், அவளுக்கு மூன்று உயிர். அது காமெடி இல்லை, ஆன்லைன் போட்டியும் இல்லை. ஆனால் மூன்று என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் முழுப் பதற்றத்தையும் கட்ட முடியும் என்பதற்கு அது பக்கத்திலேயே இருக்கிற பாடம்.

இனி, பார்க்கிறவர்கள். கொலைப் போட்டி என்ற கருத்து இணையத்துக்கு முன்னாலேயே பிறந்தது. 1965இல் இத்தாலியில் எலியோ பெட்ரி எடுத்த படத்தில் ஒருவர் 10 வேட்டைகளில் பிழைக்க வேண்டும்: 5 முறை வேட்டைக்காரராக, 5 முறை இரையாக. அங்கேயே கொலைக்கு நடுவில் டீ விளம்பரம் வந்துவிட்டது. 1970 அக்டோபர் 18 அன்று மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பான ‘தஸ் மில்லியோனன்ஸ்பீல்’ என்ற தொலைக்காட்சிப் படத்தில், கொலையாளிகளிடமிருந்து 7 நாள் தப்பிப் பிழைத்தால் 10 லட்சம் மார்க் பரிசு. நிஜமாகவே டிவியில் பாட்டு நிகழ்ச்சி நடத்திவந்த டீட்டர் தோமாஸ் ஹெக்கையே அதில் தொகுப்பாளராகப் போட்டார்கள். பார்த்தவர்களில் சிலர் அதை உண்மை என்று நம்பி, அடுத்த போட்டியாளராகத் தங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி டிவி நிலையத்தைத் தொடர்புகொண்டார்கள். 1987இல் ‘தி ரன்னிங் மேன்’ அதே உத்தியைப் பிடித்தது. அமெரிக்காவில் குடும்ப வினாடிவினா நடத்திப் புகழ்பெற்ற ரிச்சர்ட் டாசன்தான் அதில் கொலை நிகழ்ச்சியின் தொகுப்பாளர். 2021இல் ‘ஃப்ரீ கை’ வந்தபோது நிஜ கேம் ஸ்ட்ரீமர்களே, அதாவது கேம் ஆடுவதை நேரலையில் காட்டுகிறவர்களே, தங்களாகவே வந்து போனார்கள்.

ஐம்பது ஆண்டுகளாக இந்த உத்தி வேலை செய்வதற்குக் காரணம், அந்தக் குரல் நம் காதுக்கு ஏற்கெனவே பழகியது என்பதுதான். பழகிய குரல் ஒரு சாவைச் சாதாரணமாக அறிவிக்கும்போது சிரிப்பு வருகிறது, உடனே உள்ளுக்குள் உதைக்கிறது. ஆகவே உங்கள் போட்டித் தொகுப்பாளரை வில்லன் மாதிரிப் பேசவிடாதீர்கள். நிஜமாக கேம் ஸ்ட்ரீம் செய்கிறவர்கள் பேசுவதை ஒரு மணி நேரம் கேட்டு, அப்படியே எழுதி எடுங்கள். சூப்பர் சாட் (பணம் கட்டிப் போடுகிற கமென்ட்) அனுப்பியவருக்கு நன்றி சொல்வது, மைக் சரியாகக் கேட்கிறதா என்று விசாரிப்பது, நடுவில் தண்ணீர் குடிப்பது, “புதுசா வந்தவங்க சப்ஸ்கிரைப் பண்ணிக்கோங்க” என்பது. அந்த நடையில் கொலை அறிவிப்பு வரட்டும்.

டிவி காலத்துக் கூட்டம் வேடிக்கைதான் பார்த்தது, ஆன்லைன் கூட்டம் ஆட்டத்திலேயே கை வைக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தாவிட்டால் ‘ஆன்லைன்’ என்பது வெறும் சுவரொட்டிச் சொல். 2009இல் மார்க் நெவல்டீனும் பிரையன் டெய்லரும் எடுத்த ‘கேமர்’ படத்தில் மரண தண்டனைக் கைதிகளின் உடம்பை வேறொருவர் வீட்டிலிருந்து இயக்குகிறார். 30 ஆட்டம் பிழைத்தால் விடுதலை. வீட்டிலிருந்து இயக்குகிற பையன் கட்டளை கொடுப்பதற்கும் கைதியின் உடம்பு அசைவதற்கும் இடையிலான நொடிப்பின்னம்தான் உயிர் போகிற இடைவெளி. கேம் ஆடுகிற எல்லோரும் ‘லேக்’ என்று சலித்துக்கொள்கிற விஷயத்தை அந்தப் படம் கதையின் நரம்பாக்கிவிட்டது. 2016இல் வந்த ‘நெர்வ்’ வேறு வழியில் போனது. பணம் கட்டிப் பார்க்கிறவர்கள் சவால் விடுகிறார்கள், ஆடுகிறவர்கள் செய்கிறார்கள். முதல் சவால் முன்பின் தெரியாத ஒருவரை 5 நொடி முத்தமிட 100 டாலர். அங்கிருந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு பைக் ஓட்டுவது வரை படிப்படியாக ஏறுகிறது. படிகள் சின்னச் சின்னதாக இருப்பதால் எந்தப் படியில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. முடிவைச் சொல்லிவிடுகிறேன், பார்க்காதவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டிவிடுங்கள்: பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரின் போனிலும் அவரவர் நிஜப் பெயரோடு “நீயும் கொலைக்கு உடந்தை” என்று செய்தி வருகிறது, கூட்டம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கிறது. கூட்டத்தின் பலமே பெயரில்லாமல் இருப்பதுதான் என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய முடிவு அது.

நேரலையின் தொழில்நுட்பமே கதைக்குத் தீனி தரும். வழக்கமான நேரலை 6 நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு அனுப்பப்படுகிறது. பார்க்கிறவரின் பிளேயர் பொதுவாக மூன்று துண்டு பின்னால் நின்றுதான் காட்டத் தொடங்கும். அதாவது குறைந்தது 18 நொடித் தாமதம். வீடியோ கால் போல ஒரு நொடிக்கும் குறைவான தாமதத்தில் அனுப்பும் வழியும் உண்டு, ஆனால் லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்ப அது செலவு பிடிக்கும். இப்போது யோசியுங்கள். “இடது பக்கம் ஓடு, பின்னால வர்றான்!” என்று ஒரு நல்ல மனிதர் கமென்ட் போடுகிறார். அவர் பார்த்தது 18 நொடிக்கு முன்னால் நடந்தது. அந்த அறிவுரையைக் கேட்டு இடது பக்கம் ஓடினால் நேராகக் கொலையாளியின் மடியில்தான் விழுவான். இதைவிட நல்ல காமெடி சேஸிங் எழுதுவதற்கு வேறு என்ன வேண்டும்? முதலில் நாயகன் கமென்டை நம்பி அடி வாங்குகிறான். பிறகு தாமதத்தைக் கண்டுபிடிக்கிறான். கடைசியில் அந்த 18 நொடியை வைத்தே எதிரியை ஏமாற்றுகிறான். ஒரு சின்ன உண்மை மூன்று காட்சி தருகிறது.

கூட்டத்தைக் காட்டும்போது புதுப்புது முகங்களைக் காட்டாதீர்கள். 1998இல் வந்த ‘தி ட்ரூமன் ஷோ’வில் குளியல் தொட்டியில் படுத்தபடி பார்க்கிறவர், சோபாவில் இரண்டு மூதாட்டிகள், மதுக்கூடப் பணிப்பெண்கள் என்று அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். குறும்படத்துக்கு மூன்று இடம் போதும். ஒவ்வொரு தடவை காட்டும்போதும் அவர்களிடம் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். டீக்கடையில் சிரித்துக்கொண்டு பார்த்தவர், மூன்றாவது தடவை டீ ஆறிப்போனதைக் கவனிக்காமல் நிற்க வேண்டும்.

திரையில் வரும் எண்களும் எழுத்தும் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே நேரத்தில் மூன்று தகவலுக்கு மேல் வேண்டாம்: உயிர், தோட்டா, நேரம். பார்வையாளர் எண்ணிக்கை வேண்டுமானால் நேரத்தை எடுத்துவிடுங்கள். இடம் கடைசி வரை மாறக்கூடாது. தோட்டா வலது மூலையில் என்றால் எப்போதும் வலது மூலைதான், கண் தானாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும். கீழ் நடுவில் எதையும் வைக்காதீர்கள், அங்கே சப்டைட்டில் வரும். ஓரத்திலிருந்து சட்டத்தின் (ஃப்ரேமின்) 5 சதவீதம் உள்ளே தள்ளி வையுங்கள்.

அளவு: 1080 பிக்சல் உயரச் சட்டத்தில் எண்ணின் உயரம் 54 பிக்சலுக்குக் குறையக் கூடாது. போனை நட்டக்குத்தலாகப் பிடித்து அகலப் படம் பார்க்கிறவருக்குப் படத்தின் உயரமே ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான், 54 பிக்சல் என்பது அங்கே 2 மில்லிமீட்டர். அதற்கும் கீழே போனால் படிக்க முடியாது. தமிழ் எழுத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே புள்ளியும் கொக்கியும், கீழே சுழியும் இருப்பதால் ஆங்கில எழுத்துக்குப் போடுகிற வரி இடைவெளி போதாது, ஒன்றரை மடங்கு விடுங்கள். ஒல்லி எழுத்துருவில் எழுதி இணையத்தில் ஏற்றினால் சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘க்’ என்பது ‘க’ ஆகி, ‘தாக்கு’ படிக்கிறவருக்குத் ‘தாககு’ ஆகிவிடும். தடித்த எழுத்துரு, பின்னால் அரைக் கறுப்பு நிழல். ‘மீதமுள்ள தோட்டாக்கள்’ என்று எழுதாமல் ஒரு தோட்டா படமும் பக்கத்தில் எண்ணும் போதும். சாட் ஓட்டத்தில் படிக்க வேண்டிய வரி ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும், அது ஒன்றரை நொடியாவது நிற்க வேண்டும். மற்றதெல்லாம் மங்கலாக ஓடட்டும்.

அடுத்தது கேமரா. கேம் உணர்வுக்கு, கேமராவே நாயகனின் கண்ணாக, முதல் ஆளின் பார்வையில் முழுவதையும் எடுக்கலாமா என்று பலரும் யோசிப்பார்கள். 2015இல் இல்யா நைஷுல்லரின் ‘ஹார்ட்கோர் ஹென்றி’ அதைத்தான் செய்தது. முகத்தில் மாட்டிய முகமூடிச் சட்டத்தில் கோப்ரோ என்கிற சின்னக் கேமராக்கள், பல ஸ்டண்ட் கலைஞர்களும் கேமராக்காரர்களும் மாறி மாறி ‘ஹென்றி’யாக நடித்தார்கள். சாதனைதான், ஆனால் பலருக்கும் தலை சுற்றியது. காரணம் எளிது. நாம் தலையைத் திருப்பும்போது கண் தாவித் தாவிப் போகிறது, இடையில் வரும் கலங்கலை மூளை மறைத்துவிடுகிறது. கேமரா அந்தக் கலங்கலை அப்படியே காட்டுகிறது. கண் ‘அசைகிறோம்’ என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘அசையவில்லை’ என்கிறது. அந்தச் சண்டையில்தான் குமட்டல். இந்தப் பார்வை வேண்டுமென்றால் தொடர்ந்து 15, 20 நொடிக்கு மேல் போகாதீர்கள், அடிவானத்தைச் சாயவிடாதீர்கள், திரையின் நடுவில் ஒரு சின்னக் குறிப்புள்ளி வையுங்கள். கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு: நாயகன் முகம் தெரியாவிட்டால் காமெடி போய்விடும். கதவுப்பிடி திறக்காதபோது அவன் முழிக்கிற முழிதான் சிரிப்பு.

அதிகம் பலன் தருவது, ஆளுக்குப் பின்னால் தோள் உயரத்தில் தொடர்ந்து ஓடுகிற கேமராதான். 2006இல் ‘கிராங்க்’ எடுத்தபோது நெவல்டீன் காலில் ரோலர் பிளேடு மாட்டிக்கொண்டு கேமராவோடு ஓடினார். உங்களுக்கு ஒரு சக்கர நாற்காலியும், கேமரா ஆடாமல் பிடிக்கிற கிம்பலும் போதும், தரை மட்டும் சமமாக இருக்க வேண்டும்.

சண்டையில் வெட்டு வெட்டாகத் தெரிகிற கூர்மை வேண்டுமென்றால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுவார்கள், அதாவது ஒவ்வொரு சட்டத்துக்கும் வெளிச்சம் விழுகிற நேரத்தைக் குறைப்பார்கள். நொடிக்கு 24 சட்டத்துக்கு வழக்கமான ஷட்டர் ஏறக்குறைய 1/50 நொடி. அதை 1/200 ஆக்கினால் ஒவ்வொரு சட்டமும் கத்தி மாதிரி நிற்கும். ஆனால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. 1/50, 1/100 இரண்டிலும் பிரச்சினை இல்லை. 1/200 வைத்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் நகரும், எடிட்டிங்கில் அதை எடுப்பது பெரும்பாடு. ஆகவே அந்தக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், அல்லது மினுக்காத விளக்கை வாடகைக்கு எடுத்து, முந்தின நாளே சோதித்துப் பாருங்கள். மெதுவாகவும் வேகமாகவும் மாறி மாறி ஓடுகிற ஷாட்டுக்கு 120 சட்டத்தில் எடுப்பீர்கள். அப்போது ஷட்டர் 1/240 ஆகும், 1/50ஐவிட இரண்டே கால் ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). ராத்திரித் தெருவில் தெருவிளக்கை நம்பி அதை எடுத்தால் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

சத்தத்தில் ஒரே எச்சரிக்கை: பிரபல கேம்களின் ஒலியை எடுத்துப் போடாதீர்கள். 2010இல் எட்கர் ரைட் ‘ஸ்காட் பில்கிரிம்’ படத்தில் ‘செல்டா’ கேமின் இசையைப் பயன்படுத்த, அந்த கேம் கம்பெனியான நின்டென்டோவுக்கு எழுதிக் கேட்டு அனுமதி வாங்கித்தான் சேர்த்தார். ஸ்பூனும் எவர்சில்வர் டம்ளரும் இருந்தால் அருமையான ‘காயின்’ சத்தம் உங்களுக்கே சொந்தமாகக் கிடைக்கும். அடி, செலவு, வெற்றி என்று மூன்றே ஒலி வைத்துக்கொண்டு கடைசி வரை மாற்றாமல் இருங்கள்.

பாதுகாப்பைக் கடைசியில் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். 1919இல் ஹெரால்ட் லாய்ட் விளம்பரப் புகைப்படத்துக்காகக் கையில் பிடித்த ‘டம்மி’ குண்டு உண்மையிலேயே வெடித்து, வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் போயின. 2021இல் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் நடிகர் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து நிஜத் தோட்டா பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். உங்கள் செட்டில் சுடக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது, வெற்றுத் தோட்டாவும் வேண்டாம். ரப்பர் அல்லது ஃபோம் வார்ப்பு, நெருப்பு வெளிச்சத்தை எடிட்டிங்கில் ஒரே ஒரு சட்டத்துக்குச் சேர்த்தால் போதும், நிஜத்திலும் அது அவ்வளவு நேரம்தான். கையில் ஒட்டியதுபோல் காட்ட, உள்ளே குடைந்த பிடியைக் கையுறையில் தைத்து, மணிக்கட்டுப் பக்கம் வெல்க்ரோ வையுங்கள். போல்ட் தலையைப் பாதியாக அறுத்துச் சிலிக்கான் தோலில் ஒட்டினால் குளோஸப்புக்குப் போதும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை கழற்றி விரலை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். இறுக்கிக் கட்டிய கை மரத்துப்போகும், மரத்துப்போன கையோடு ஓடுகிறவர் விழுந்தால் ஊன்றிக்கொள்ள முடியாது. தெருவில் எடுப்பதாக இருந்தால் நாள், நேரம், இடம், டம்மி துப்பாக்கி பயன்படும் விவரம் எல்லாம் எழுதி உள்ளூர் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தைக் கையிலேயே வைத்திருங்கள். தூரத்திலிருந்து பார்க்கிற ஒருவருக்கு அது டம்மி என்று தெரியாது.

மின்னல் வெளிச்சத்திலும் அளவு உண்டு. நொடிக்கு 3 தடவைக்கு மேல் முழுத்திரையும் பளிச்சிடக் கூடாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ‘போகிமான்’ தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னியதில் 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எடிட்டரிடம் இதை எழுத்திலேயே கொடுங்கள்.

முதல் வெட்டு முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். திரையில் வரும் எல்லா எண்களையும் கிராஃபிக்ஸையும் அணைத்துவிட்டு, கதை தெரியாத இரண்டு பேருக்குப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். 14ஆவது நிமிடத்தில் நிறுத்தி, “இவன்கிட்ட இன்னும் எத்தனை தோட்டா இருக்கு? எவ்வளவு நேரம் இருக்கு?” என்று கேளுங்கள். ஒன்றிரண்டு முன்னே பின்னே சொன்னால் கிராஃபிக்ஸைத் திரும்பப் போடலாம். தெரியவில்லை என்றால் சரிசெய்ய வேண்டியது திரைக்கதையை. நாயகன் தானே எண்ணுகிற மாதிரி, அல்லது சுடாமல் கையை இழுத்துக்கொள்கிற மாதிரி இரண்டு ஷாட் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு அரை நாள் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.